முற்போக்குக் கட்சித் தலைவர்களுக்கு: அந்த நோட்டீஸ் பலகையைக் கழற்றுங்கள்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு வணக்கம்.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேடையில் எங்களைவிட நன்றாகவே பேசுகிறீர்கள். அதனால் நேராக 6ஆம் பிரிவுக்கு வருகிறோம். மணக்கப் போவதாக இணையர் கொடுக்கும் நோட்டீஸைத் திருமணப் பதிவு அலுவலகப் பலகையில் ஒட்டும் வழக்கத்தை நிறுத்தத் திருத்தம் கொண்டுவாருங்கள்.

இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு அனுமதிக்கும் சுயமரியாதைத் திருமணம் இருவரும் இந்துவானால்தான் செல்லும். மதம் மாறாமல் மணக்க நினைக்கும் இந்து, முஸ்லிம் இணையருக்கு 1954 சட்டம்தான் கதி. பெயர், வயது, தொழில், முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை அந்தத் தாள் பலகையில் இருக்கும். அதுகூடப் போகட்டும். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால், நகல் அங்கேயும் போய் ஒட்டப்படும். எந்த ஊருக்குப் பயந்து வெளியேறினார்களோ அந்த ஊருக்கே, இப்போது தங்கியிருக்கும் விலாசத்தோடு, அரசு செலவில் தகவல்! ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்தால் போதும், மாலைக்குள் வாசலில் ஆள் நிற்கும்.

ஆட்சேபம் வந்தால் விசாரணைக்கு மேலும் 30 நாள் வரை ஆகலாம். முந்தைய திருமணம், வயது, மனநலம், மணக்க விலக்கப்பட்ட நெருங்கிய உறவு ஆகியவைதான் ஆட்சேபிக்கக் காரணங்கள். சாதியும் மதமும் அதில் இல்லை. இவற்றைச் சரிபார்க்க ஆவணமும் உறுதிமொழிப் பத்திரமும் போதாதா? மாமன் மகளைக் கட்டுபவருக்கு எவரும் எந்தச் சுவரிலும் எதையும் ஒட்டுவதில்லையே.

"ஒன்றியச் சட்டம், எங்கள் கையில் இல்லை" என்பீர்கள். திருமணம், ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது. இந்து திருமணச் சட்டமும் ஒன்றியச் சட்டம்தான். அதில் 1967இல் அண்ணா அரசு 7ஏ-வைச் சேர்த்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நோட்டீஸை வெளியிடுவது இணையரின் விருப்பம் என்று 2021 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது அலகாபாத் உயர் நீதிமன்றம். ஆமாம், அலகாபாத். பெரியார் மண்ணில் பலகை அப்படியே இருக்கிறது.

போஸ்டரில் முற்போக்கு, வேட்பாளர் நேர்காணலில் "தொகுதியில உங்க ஆளுங்க ஓட்டு எவ்வளவு?" சாதி மறுப்புத் திருமணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த இணையரை ஊர் துரத்தும்போது மாவட்டச் செயலாளரின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

மன்னிக்கவும், கேட்க வந்தது இதையல்ல. நோட்டீஸ் ஒட்டுவதும் வேறு மாவட்டத்துக்கு நகல் அனுப்புவதும் நிற்க வேண்டும். அதற்கான திருத்த மசோதா இரண்டு பக்கத்தைத் தாண்டாது. வரும் கூட்டத்தொடரிலேயே அதைத் தாக்கல் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மதம் கடந்து மணப்போருக்குச் சட்ட உதவி செய்வோர்