நாளைய நடை: வால்நட் மலையிலிருந்து ஹாட் ஸ்பிரிங்ஸ்

வணக்கம் நண்பர்களே. நாளை வெள்ளி காலை 6 மணிக்கு வால்நட் மலைக் குடிலிலிருந்து கிளம்புகிறோம். அமெரிக்காவின் நெடுந்தூர நடைபாதையான அப்பலாச்சியன் பாதையில் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊர் வரை சுமார் 21 கிலோமீட்டர். முதலில் பிளஃப் மலை ஏற்றம், அப்புறம் 1,000 மீட்டருக்கு மேல் இறக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் மெதுவாகவே வாருங்கள், நான் கடைசியில்தான் வருவேன். காலில் கொப்புளம் இருந்தால் மறைக்காமல் இன்றிரவே சொல்லுங்கள்.

மரங்களில் வழிகாட்டப் பூசியுள்ள வெள்ளைப் பெயிண்ட் கோடுகளைப் பார்த்து நடந்தால் போதும். பாதை ஊரின் கடைத்தெரு வழியாகவே போகிறது, அதனால் வண்டி தேட வேண்டாம். எனக்கு இந்த ஊர் பிடித்ததே அதனால்தான்.

உங்கள் பெயருக்கே முன்கூட்டிப் பார்சல் அனுப்பியவர்கள் அதை வாங்க நேராகத் தபால் நிலையம் போங்கள். புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். பசியோடு போனால் கண்ணில் பட்டதெல்லாம் கூடையில் விழும், மறுநாள் அத்தனையும் முதுகில் ஏறும். அடுத்து சாமான் வாங்கப்போவது எர்வின் என்ற ஊரில், ஏறக்குறைய 110 கிலோமீட்டர் தள்ளி. ஐந்து நாள் சாப்பாடு எடுத்தால் சரியாக இருக்கும். பருப்புப்பொடி என்னிடம் நிறைய இருக்கிறது, யாருக்கு வேண்டும்?

மாலை 5 மணிக்கு பிரெஞ்ச் பிராட் ஆற்றுப் பாலத்தருகே எல்லோரும் வந்துவிடுங்கள்.