கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்

தங்கச்சிமடம்

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துவிட்டேன். போனில் பேசலாம் என்றால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாதியிலேயே அழுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி லேபில் காலம் தள்ளியவனாகக் கொஞ்சம், அப்பாவாகக் கொஞ்சம்.

ஆன்டி-சிசிபி பாசிட்டிவ், அதாவது நம் உடம்பின் புரதங்களையே எதிர்க்கிற எதிர்ப்பொருள் உன் ரத்தத்தில் இருக்கிறது. இன்டர்ஃபெரான் மரபணுக்களின் செயல்பாடு அதிகம். மூட்டுகளில் வீக்கம் இல்லை. முதல் இரண்டு வரியிலேயே நீ நின்றுவிட்டாய் போல. முடக்குவாதம், அதாவது நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற நோய், வந்துவிட்டது என்று அதில் யாரும் எழுதவில்லை. வர வாய்ப்புள்ளவள் என்று உன்னைக் கவனிக்கிறார்கள், சரியா?

இன்டர்ஃபெரானை 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்தார்கள். வைரஸ் புகுந்த செல், அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்த வெளியே விடும் புரதம் அது. அது போய் ஒட்டியதும் ஜாக், ஸ்டாட் என்ற புரதங்கள் வழியாகச் செய்தி உட்கருவுக்குள் போகும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் முடுக்கிவிடப்படும். எம்எக்ஸ்1, ஐஎஸ்ஜி15 எல்லாம் அந்தக் கூட்டம்தான். அவை எவ்வளவு ஆர்என்ஏ, அதாவது மரபணுவின் வேலை நகல், உண்டாக்கியிருக்கின்றன என்பதைத்தான் உன் ரத்தத்தில் அளந்திருக்கிறார்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுவார்களே, அந்த மாதிரி. கூண்டு ஏறிய நாளெல்லாம் புயல் நம் கரைக்கு வந்ததில்லை. அதற்காகக் கூண்டைப் பார்த்த பிறகும் வள்ளத்தைத் தள்ளுகிறவனை யாரும் மெச்சுவதில்லை.

மூட்டு வலியும் ஆன்டி-சிசிபியும் இருந்து, இந்த மரபணுக்களும் மும்முரமாக இருந்தால், பின்னால் முடக்குவாதம் வருவது கூடுதல் என்று நெதர்லாந்தில் செய்த ஆய்வுகள் காட்டின. கூடுதல்தான், எல்லோருக்கும் இல்லை. ஒன்று கேட்கிறேன், டாக்டரிடமும் சொல். ரத்தம் கொடுத்த வாரத்தில் உனக்குச் சளி, காய்ச்சல் இருந்ததா? தடுப்பூசி ஏதாவது போட்டிருந்தாயா? சாதாரண வைரஸ் காய்ச்சலே இந்த எண்ணை ஏற்றிவிடும். ஸ்டீராய்டு சாப்பிட்டால் இறங்கும். ஒரே ஒரு குழாய் ரத்தத்தை வைத்து முடிவு கட்டுவது லேப்காரனுக்குப் பிடிக்காத காரியம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 2006-இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டையே படுக்கப் போட்டபோது அவளும் படுத்தாள். மற்றவர்களுக்கு வலி மெல்ல மெல்ல விட்டது. அவளுக்கு விரல் மடங்கவே இல்லை. பார்த்தால் ஆன்டி-சிசிபி, முடக்குவாதம். இப்போது, "என்கிட்ட இருந்துதானே பிள்ளைக்குப் போச்சு" என்று புலம்புகிறாள். பெற்றவளுக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு சில மடங்கு கூடும், நிஜம். ஆனால் 100 பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம் என்கிற நோய் இது. சில மடங்கு கூடினாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. இது உன் அண்ணனுக்கான கணக்கு. உனக்கு ஆன்டி-சிசிபி வந்துவிட்டதால் உன் கணக்கு வேறு, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் இந்த இன்டர்ஃபெரான் எண் உன் அம்மா கொடுத்த சீதனம் இல்லை. இன்றைக்கு எந்த மரபணு எவ்வளவு ஓடுகிறது என்பதன் அளவு, அவ்வளவே.

நோய் வராமலிருக்க ஊசி போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அபாடாசெப்ட் ஊசியை உன்னைப் போல வாய்ப்புள்ளவர்களுக்குப் போட்டுப் பார்த்த சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. ஒரு வருடம் ஊசி போட்டவர்களில் அந்த வருட முடிவில் 100-க்கு 6 பேருக்கு மூட்டழற்சி. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 29. மருந்தை நிறுத்தி இன்னொரு வருடம் போனபின் 25, 37 என்று இடைவெளி குறுகிவிட்டது. தள்ளிப்போடுகிறது, தடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. நானாக இருந்தால் அவசரப்பட மாட்டேன். முடிவு உன்னுடையது.

அதுவரை ஈறைப் பார்த்துக்கொள்; பல் டாக்டரிடம் போய் வெகுநாள் ஆகியிருக்கும். ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சிகரெட் இன்னும் மோசம். நீ பிடிக்க மாட்டாய், உன் வீட்டுத் தோழிதான் பிடிக்கிறாள், அவளை வெளியே போய்ப் பிடிக்கச் சொல். காலையில் விரல்கள் விறைத்து அரைமணிக்கு மேல் இளகாமல் இருந்தாலோ, விரல் கணு வீங்கினாலோ, விடுமுறைக்கு இங்கே வந்து பார்க்கலாம் என்று இருக்காதே. அங்கேயே உடனே காட்டு.

அம்மாவிடம் நீயே பேசு. ஞாயிறு இரவு முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் போடுகிறாள், திங்கள் பகல் முழுக்கக் குமட்டல். செவ்வாய் கூப்பிடு. ஸ்கேன் தேதி கிடைத்ததும் முதலில் எனக்குச் சொல்.

அப்பா