கிளாக் வால்வு அடங்கிவிட்டது, மாப்ளே

பொன்மலை, திருச்சி
புதன்கிழமை காலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. குன்னூர் குளிரில் விடியற்காலை நடை வேண்டாம், வெயில் வந்த பிறகு போ. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உடனே பதில் போடாததற்குக் காரணம் நம் குட்டி மாடல் ரயில் இன்ஜின்தான். பத்து நாளாக அதன் கிளாக் வால்வு, பாய்லருக்குள் போன தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் அந்தச் சின்னக் குண்டு வால்வு, என்னைத் தூங்கவிடவில்லை. நேற்று சாயங்காலம்தான் அடங்கியது.

போன முறை நீ வந்தபோது சட்டமும் சக்கரமும்தானே பார்த்தாய்? இப்போது ஸ்டீமில் ஓடுகிறது. 45 மி.மீ. கேஜ் (தண்டவாள இடைவெளி), நாலு சக்கரம், செம்புக் குழாயில் சில்வர் பிரேசிங் செய்த பாய்லர், அடியில் ஸ்பிரிட் விளக்கு, மூணு கிலோ பிரஷர். மொட்டை மாடியில் வட்டமாகத் தண்டவாளம் போட்டிருக்கிறேன். முன் அச்சில் ஒரு எக்சென்ட்ரிக் (மையம் விலகிய வட்டு) வைத்துச் சின்ன பம்ப். வண்டி ஓட ஓட அதுவே பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும்.

ஏற்ற வேண்டும், ஏற்றவில்லை. முதல் ஐந்து நிமிடம் எல்லாம் சரி, அப்புறம் பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். பம்பில் முன்னும் பின்னும் போய்த் தண்ணீரைத் தள்ளும் ராமின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கும் என்று மாற்றினேன், பலனில்லை. இணைப்பு நட்டுகளை எல்லாம் இறுக்கிப் பார்த்தேன், அதுவும் இல்லை. மூணாம் நாள் ஓட்டம் நின்றதும் பம்ப் உடம்பில் விரலை வைத்தேன். சுட்டது. தொட்டியிலிருந்து பச்சைத் தண்ணீர் வருகிற இடம் ஏன் சுட வேண்டும்?

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. ஷெட்டில் பெரிய இன்ஜினின் இன்ஜெக்டர், ஆவியின் வேகத்தால் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் அந்தக் கருவி, சூடேறித் தண்ணீர் எடுக்காமல் அடம் பிடித்தால், சின்னச் சுத்தியால் கிளாக் பாக்ஸில் ஒரு தட்டு தட்டுவாயே. உள்ளே தூக்கி நின்ற வால்வு அதன் இருக்கையான சீட்டில் உட்கார்ந்துவிடும், இன்ஜெக்டரும் வேலை செய்யும். இதுவும் அதே நோய்தான். கிளாக் சரியாக மூடாமல் பாஸாகிறது, பாய்லர் தண்ணீர் பம்புக்குத் திரும்பி வருகிறது. மூணு கிலோவில் அந்தத் தண்ணீர் 143 டிகிரிக்குப் பக்கம் இருக்கும். பிரஷர் குறைந்த இடத்துக்கு வந்ததும் ஆவியாக விரிந்துவிடும். ராம் அந்த ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருந்தது.

பாய்லர் நன்றாக ஆறின பிறகு கிளாக்கைக் கழற்றினேன். குண்டுக்கடியில் தலைமுடி கனத்தில் வெள்ளையாக ஒரு நூல். டெஃப்லான் டேப்பின் பிசிறு! மரையின் முதல் சுற்றை விட்டுவிட்டுச் சுற்றியிருந்தால் அது உள்ளே போயிருக்காது. எடுத்துப் போட்டுவிட்டு மாட்டினேன், அப்போதும் கசிந்தது. அவசரப்பட்டு கிரைண்டிங் பேஸ்ட் வைத்துக் குண்டைத் தேய்த்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. லென்ஸில் பார்த்தால் மெல்லிய கோடாக இருக்க வேண்டிய சீட் அகலப் பட்டையாகிவிட்டது, அதன் மேல் மங்கலான கீறல்கள். பட்டை அகலமானால் குண்டின் பாரம் பரவிப் போகும், பிடிப்பு வராது.

அப்புறம் நிதானமாக, பழைய முறைப்படியே செய்தேன். சில்வர் ஸ்டீல் கம்பியில் டி-பிட் என்ற அரைவட்ட வெட்டுக்கருவி ஒன்றை அரைத்து, கடினப்படுத்தி, பித்தளைச் சீட்டின் முகத்தை ஒரு நூலிழை மட்டும் எடுத்தேன். 2.8 மி.மீ. துளையை ரீமர் விட்டு விளிம்பைக் கூர்மையாக்கினேன். சைக்கிள் ஹேண்டில்பார் கப்பில் போடும் 5/32 இன்ச் குண்டு ஒன்றை அதன் மேல் வைத்து, பித்தளைக் கம்பியை நிறுத்தி, சுத்தியால் ஒரே ஒரு தட்டு. இரண்டாவது தட்டினால் கோடு இரட்டையாகிவிடும். அந்தக் குண்டை எறிந்துவிட்டு, அதே அளவில் புது ஸ்டெயின்லெஸ் குண்டு போட்டேன். லென்ஸில் பார்த்தபோது சீட்டில் முழு வட்டமாக ஒரு பளபளப்பு, எங்கும் அறுபடாமல், புது மோதிரம் மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தேன், மாப்ளே.

குண்டு மேலே எழும்பும் தூரத்தையும் 0.7 மி.மீ.க்குக் குறைத்தேன், துளையில் கால் பங்கு. முன்பு இரண்டு மடங்கு இருந்தது. அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் பின்னால் வந்துவிடும்.

கிளாக்கின் அடிப்பக்கத்தை வாயில் வைத்து உறிஞ்சினேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, விடவே இல்லை. பிறகு பாய்லரோடு சேர்த்துப் பச்சைத் தண்ணீரில் நாலரை கிலோ ஏற்றிப் பத்து நிமிடம் வைத்தேன், கேஜ் முள் அசையவில்லை. நேற்று சாயங்காலம் விளக்கைப் பற்றவைத்து இருபது நிமிடம் ஓட்டினேன். கிளாஸில் தண்ணீர் பாதியில் அப்படியே நின்றது. பம்பைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. பேத்தி மடியில் உட்கார்ந்து, "தாத்தா, இது ஏன் மூச்சு விடுது?" என்றாள். கீழே இறங்க மனமே வரவில்லை.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. சிலிண்டருக்கு ஆவி விடும் ரெகுலேட்டரைச் சாத்தினாலும் வண்டி மெல்ல நகர்கிறது. அதன் வால்வு ஊசி முனையில் வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் மூடும்போது அதிகமாக இறுக்கியிருக்கிறேன். அதைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன், உன் கை அதற்கு நல்ல கை. பொங்கலுக்கு நாலு நாள் முன்னாலேயே தங்கச்சியோடு வந்துவிடு. அந்தச் சின்னச் சுத்தி இன்னும் உன்னிடம் இருந்தால் எடுத்து வா.

உன்
பழைய பெஞ்ச் கூட்டாளி