அம்மாவுக்கு, கனடா ஸ்காபரோவில இருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

இஞ்ச நாங்கள் எல்லாரும் சுகம், உங்கட சுகத்துக்கும் தம்பி குடும்பத்துக்கும் மாதாவை மன்றாடுறன். சனிக்கிழமை நீங்கள் மூண்டு தரம் கோல் எடுத்தும் நான் தூக்கேல்ல எண்டு கோவிச்சுப்போட்டீங்களாம், தம்பி வொய்ஸ் மெசேஜ் போட்டவன். அம்மா உங்க பின்னேரமா இருக்கேக்க இஞ்ச விடியப்புறம், நான் அப்பதான் வீட்டை வந்து படுத்தனான். வெள்ளி இரவு முழுக்க சேர்ச்சில முழிச்சிருந்தனான். "விடிய விடிய சேர்ச்சில என்ன வேலை" எண்டு கேட்டீங்களாம், அது போனில சொல்லி முடியாது, அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன், தம்பியை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ.

இஞ்ச வீடில்லாத சனம் இருக்கு அம்மா, கொஞ்சம் இல்லை கனக்க. சைபருக்குக் கீழ 15 எண்டு குளிர் காட்டுற இரவில பஸ் தரிப்பிடத்தில, சப்வே படியில, பாங்க் மெசின் இருக்கிற சின்ன அறையில சுருண்டு கிடக்கினம். நான் வந்த புதுசில வேலைக்குப் போகேக்க பார்த்திட்டு குடிகாரர் போல எண்டு நினைச்சுக் கடந்து போனனான், இப்ப அதை நினைக்க நெஞ்சு சுடுது. எங்கட சேர்ச்சின்ர கீழ் ஹோல் இருக்கெல்லோ, முதல்நன்மைச் சாப்பாடு வைச்ச ஃபோட்டோ அனுப்பினனானே, அந்த ஹோலில வெள்ளிக்கிழமையில மேசையளை மடக்கிப்போட்டு 25 மெத்தை விரிக்கிறம். ஆறு மணிக்குச் சூடான சாப்பாடு, பேந்து குளிக்கிற ஆக்கள் குளிப்பினம், பத்து மணிக்கு லைற் நூக்குறது, ரெண்டு பேர் நித்திரை கொள்ளாம காவல் இருக்க வேணும், அதில ஒரு ஆள் நான். விடிய முட்டையும் பாணும் தேத்தண்ணியும் குடுத்து அனுப்புறம்.

இது எங்கட சேர்ச் கண்டுபிடிச்சதில்லை. 1987ல ரொறொன்ரோவில சிஸ்டர் சூசன் மோரன் எண்ட கன்னியாஸ்திரி, சென் மைக்கல்ஸ் கொலிச் எண்ட பள்ளிக்கூடத்துப் பெடியளோட சேர்ந்து துவங்கினது. பேந்து கத்தோலிக்கம், அங்கிலிக்கன், யூதற்ற செபக்கூடம் எண்டு பாக்காம ஒவ்வொரு இடமும் கிழமையில ஒவ்வொரு இரவைப் பொறுப்பெடுத்துது, திங்கள் ஒரு கோயில் செவ்வாய் ஒரு கோயில் எண்டு அந்தச் சனம் பையையும் தூக்கிக்கொண்டு சுத்தி வரும். இப்ப சிஸ்டர் உயிரோட இல்லை. கொரோனாவோட கன கோயிலுகளில இரவு படுக்க விடுறது நிண்டுபோச்சுது. நிண்டது நிண்டதுதான், சனம் குறையேல்ல.

அம்மா உங்களுக்கு 1995 ஐப்பசி 30, யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள், ஞாபகம் இருக்கும், நான் சொல்லத் தேவையில்லை. அந்த மழை, அப்பா சைக்கிளைத் தள்ள நீங்கள் தம்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு, செம்மணி றோட்டில ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம், நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சுபோச்சுது. கொடிகாமத்துப் பக்கம் கோயில் மண்டபத்தில சீமெந்து நிலத்தில ஒரு பாயில நாங்கள் நாலு பேரும் ஐஞ்சு மாசத்துக்கு மேல கிடந்தம். எனக்கு அப்ப 12 வயது. வெள்ளிக்கிழமை முதல் மெத்தையை விரிக்கேக்க எனக்கு அந்த மண்டபத்து ஈர மணம் வந்தது, கை நடுங்கினது, பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரக் கிழவி "ஆர் யூ ஓகே" எண்டு கேட்டவ, என்னால பதில் சொல்ல ஏலேல்ல. ஆனா ஒண்டு அம்மா, எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. ஷெல் விழுந்து ஓடு பறந்திருந்தாலும் அது எங்கட வளவு. இஞ்ச கிடக்கிற சனத்துக்கு சண்டை ஒண்டும் இல்லை, குண்டு ஒண்டும் விழேல்ல, திரும்பிப் போகத்தான் இடமில்லை.

நீங்கள் நினைப்பீங்கள் வேலை செய்யாத ஆக்களாக்கும் எண்டு. அப்பிடி இல்லை. செக்கியூரிட்டி உடுப்போட வந்து படுத்திட்டு நாலரைக்கு எழும்பி வேலைக்குப் போற ஒரு ஆள் இருக்கிறார். ரெண்டு சூட்கேசோட ஒரு இந்தியப் பெட்டை வந்தவ, படிக்க வந்த பிள்ளை, ஒரு அறையில ஆறு பேரா இருந்து அதுவும் பறிபோச்சுது. இஞ்ச ஒரு பெட்றூம் வீடு மாசம் 2,000 டொலருக்கு மேல. அரசாங்க உதவிக் காசு, வெல்பெயர் எண்டு சொல்லுவினம், தனி ஆளுக்கு மாசம் 733 டொலர், அதில வாடகைக்கெண்டு வைச்சிருக்கிறது 390. 390க்கு ஸ்காபரோவில ஒரு கட்டிலும் எடுக்கேலாது. அதிலயும் பாருங்கோ, வாடகை குடுக்காட்டி அந்த 390 வராது, மிச்சம் 343தான். வீடில்லாத ஆளிட்ட வீடில்லை எண்டு காசைக் குறைக்கிறது, இதை எனக்கு ஒருத்தர் விளங்கப்படுத்தேக்க நான் பிழையா விளங்கீட்டன் எண்டு நினைச்சுத் திருப்பித் திருப்பிக் கேட்டனான்.

இப்ப சொல்லப்போறதை ஊரில ஆருக்கும் சொல்லாதேங்கோ, தம்பியின்ர மனுசிக்கும் வேண்டாம். வாற ஆக்களில ஒருத்தர் எங்கட ஆள். எந்த ஊர் எண்டு உங்களுக்கும் எழுத மாட்டன், அவருக்கு நான் வாக்குக் குடுத்தனான். 61 வயது. முப்பது வருசத்துக்கு மேல றெஸ்ரோரன்ற் குசினியில கோப்பை கழுவி, சமைச்சு, ரெண்டு தங்கச்சிமாரைக் கட்டிக் குடுத்தவர், தான் கலியாணம் கட்டேல்ல. ஒரு வீட்டு பேஸ்மென்ற்றில பதினாலு வருசம் இருந்தவர், வாடகை நேரம் தவறினதில்லை எண்டு சொன்னவர். பேந்து முழங்கால் ஏலாமல் போய் வேலை விட்டாச்சுது. அதுக்குள்ள வீட்டுக்காரர் என்-12 எண்டு ஒரு பேப்பரைக் குடுத்திட்டார், எங்கட பிள்ளை வந்து இருக்கப்போகுது எழும்புங்கோ எண்டு. அந்தப் பேப்பர் தந்தாலும் 60 நாள் தரவேணும், ஒரு மாச வாடகைக் காசை நட்டஈடாக் குடுக்க வேணும், எழும்பமாட்டன் எண்டு சொன்னா வாடகைப் பிரச்சினையளை விசாரிக்கிற போர்ட் உத்தரவு போடாம ஒருத்தரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளேலாது. அவருக்கு அது ஒண்டும் தெரியாது. "அவையின்ர வீடு பிள்ளை, நான் என்னண்டு மாட்டன் எண்டுறது" எண்டு சொல்லிப்போட்டு ஒரு சதமும் வாங்காம பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டார். பிள்ளை ஒண்டும் வரேல்ல, வேற ஆக்கள் ரெண்டு மடங்கு வாடகைக்கு இருக்கினமாம்.

ஏன் அப்பிடிச் செய்யினம் எண்டா இருக்கிற ஆளுக்கு வாடகையை வருசத்தில கொஞ்சம்தான் கூட்டலாம், 2025ல 2.5 வீதம். அந்த ஆள் எழும்பினா புது ஆளிட்ட எவ்வளவும் கேக்கலாம். அதுதான் பழைய ஆக்களைக் கிளப்பப் பாக்கினம். வீட்டுக்காரரும் மோர்ட்கேஜ் கட்ட ஏலாமல் கஸ்டப்படுகினம்தான், அதையும் சொல்லவேணும், எங்கட ஆக்கள் கனபேர் பேஸ்மென்ற் வாடகையிலதான் வீட்டுக் காசு கட்டுகினம். ஆனா பதினாலு வருசம் ஒரு கூரைக்குக் கீழ இருந்த மனுசன் அம்மா.

எங்கட சேர்ச்சில ஒரு வயசுபோன ஐயா இருக்கிறார், முந்தி வீட்டுத் திட்டங்களில வேலை செய்தவர். அவர்தான் சொன்னவர், ஒரு காலத்தில அரசாங்கமே வருசா வருசம் மலிவு வாடகை வீடு கட்டினதாம், 1993ல மத்திய அரசு புது வீட்டுக்குக் காசு குடுக்கிறதை நிப்பாட்டினது, 1995ல ஒன்ராறியோவும் நிப்பாட்டிப்போட்டுது. நாங்கள் நாவற்குழிப் பாலம் கடந்த அதே வருசம். 2019ல வீடு மனுச உரிமை எண்டு சட்டத்தில எழுதினவை, ஆனா ரொறொன்ரோவில மலிவு வீட்டுக்குப் பதிஞ்சுபோட்டுக் காத்திருக்கிற குடும்பம் 80,000க்கு மேல.

டவுன்ரவுனில ஹோலி டிரினிட்டி எண்டு ஒரு பழைய கோயில், ஈற்றன் சென்ரர் எண்ட பெரிய கடைத்தொகுதிக்குப் பின்பக்கம். மாசத்தில ரெண்டாவது செவ்வாய் அங்க கூடி, வீடில்லாம செத்த ஆக்களின்ர பேரை வாசிக்கினம். போன மாசம் லீவு போட்டுப் போனனான். பட்டியலில ஆயிரத்துக்கு மேல பேர். கன இடத்தில பேர் தெரியாது, ஜோன் டோ ஜேன் டோ எண்டு எழுதியிருக்கு. ஒரு ஆளுக்குப் பேர் கூட இல்லாம அடக்கம் செய்யிறது என்னெண்டு எங்கட சனத்துக்குத் தெரியும். நான் அழுதனான், ஒரு மணித்தியாலமும் அழுதனான்.

2023 கோடையில நடந்ததும் சொல்லோணும். ஆபிரிக்காவில இருந்து அகதியா வந்த சனம் வீடில்லாத ஆக்களுக்குத் தங்க ஷெல்டர் ஒழுங்குபண்ணுற நகரசபைக் கந்தோருக்கு முன்னால, பீற்றர் ஸ்ரீற்றில, நடைபாதையில கிழமைக் கணக்கா கிடந்தவை. காசு ஆர் குடுக்கிறது எண்டு நகரசபையும் மத்திய அரசும் இழுபட்டுக்கொண்டு நிக்க, கறுப்பின ஆக்களின்ர சேர்ச்சுகள்தான் பஸ் பிடிச்சு ஏத்திக்கொண்டு போய் தங்கட கோயிலுக்குள்ள படுக்க வைச்சவை. எங்கட ஆக்களும் ஒரு நாள் அகதியாத்தான் வந்து இறங்கினவை, 1986ல நியூஃபவுண்ட்லாந்துக் கடலில லைஃப்போற்றில தத்தளிச்ச 155 பேரை மீன்பிடிக்காரர்தான் காப்பாத்தினவை. அதை மறந்திட்டு இப்ப "எங்கட தெருவில ஷெல்டர் வேண்டாம்" எண்டு கையெழுத்து வாங்க எங்கட ஆக்கள் சிலபேர் என்ர வீட்டுக் கதவையும் தட்டினவை. நான் போடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். ஒராள் இப்பவும் என்னோட கதைக்கிறேல்ல.

எங்கட சேர்ச்சில இப்ப பெரிய கதை கார் நிப்பாட்டிற வளவைப் பற்றி. அதில வாடகை வீடு கட்டலாமோ எண்டு ஒரு பகுதி கேக்குது. யுனைற்றட் சேர்ச் எண்ட புரட்டஸ்தாந்து சபை ஆக்கள் கோயில் காணியளில வீடு கட்டவெண்டே கின்ட்ரெட் வேர்க்ஸ் எண்டு ஒரு கொம்பனி வைச்சிருக்கினம், அதைப் பார்த்துத்தான். மற்றப் பகுதி பூசைக்கு வாற கார் எங்க நிக்கிறது எண்டு கேக்குது. நான் கூட்டத்தில எழும்பிக் கதைச்சனான் அம்மா, என்ர இங்கிலீசில. மெத்தை விரிக்கிறது நல்லது, ஆனா காலமை ஏழு மணிக்கு அந்த மனுசரைக் குளிருக்குள்ள அனுப்பிப்போட்டு நாங்கள் மெத்தையைச் சுருட்டுறம், எனக்கு அது ஏலாது, அவைக்கெண்டு ஒரு வீடும் அதின்ர கதவுக்குத் திறப்பும் குடுக்க வேணும் எண்டு சொன்னனான். இன்னும் முடிவு வரேல்ல. கட்டுறதெண்டாலும் வருசக்கணக்கு எடுக்கும்.

தம்பியின்ர மூத்தவன் படிக்க வாறதெண்டா வரட்டும், ஆனா ஏஜென்சிக்காரன் சொல்லுற வாடகைக் கணக்கை நம்பவேண்டாம், முதல் ஆறு மாசம் என்ர வீட்டில நிக்கட்டும், அதுக்குப் பிறகு பாப்பம்.

அந்த எங்கட ஆளைச் சமூக வேலைக்காரப் பிள்ளையோட சேர்த்துவிட்டிருக்கிறன், பேர் பதிஞ்சாச்சுது. போன வெள்ளி சாப்பிடேக்க, இஞ்ச ஒடியல் மா வாங்கலாமோ பிள்ளை எண்டு மெல்லமாக் கேட்டவர், வேற ஒண்டும் இவ்வளவு நாளும் கேட்டதில்லை. கடையில இருக்கிறது பழசு, பூஞ்சண மணம். தவக்காலம் வருகுது, வெள்ளியில இறைச்சி இல்லைத்தானே, மற்ற ஆக்களுக்கு சூப் வைச்சிட்டு அவருக்குப் புறம்பா ஒரு சட்டி கூழ் காய்ச்சலாம் எண்டு நினைக்கிறன். பங்குனியில மாமியின்ர மகள் வாறாவெல்லோ, அவவிட்ட ரெண்டு கிலோ நல்ல ஒடியல் மா குடுத்துவிடுங்கோ, ரெண்டு பையா இறுக்கிக் கட்டி. பழப்புளியும் கொஞ்சம் வையுங்கோ.

அன்பு முத்தங்களுடன்,
உங்கட மூத்தவள்