அண்டர்டேக்கரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

கறுப்பு உடை, சாவு, பேய், மர்மம் என்று இருக்கும் கோதிக் பாணியையும் கௌபாய் பாணியையும் கலந்து உடுத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரையாளர் இதை நாலைந்து வருடத்து இன்ஸ்டாகிராம் மோகம் என்கிறார். ஒட்டவே ஒட்டாத இரண்டை இளைஞர்கள் வம்படியாக ஒட்டவைத்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார். இரண்டையுமே என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போதாக்குறைக்கு, அவ்வளவு நீளக் கட்டுரையில் அமெரிக்க ரெஸ்லர் அண்டர்டேக்கரின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. தொண்ணூறுகளில் கேபிள் டிவி முன்னால் உட்கார்ந்து வளர்ந்த யாரும் இதைச் சும்மா விடமாட்டார்கள்.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளைக் கான்சாஸ் ரயிலடிக்கு ஓட்டிப்போன கௌபாய்களின் பொற்காலம் 1860களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறக்குறைய இருபது வருடம்தான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் துக்கம் காப்பது பெரிய சடங்காகவும் அதைவிடப் பெரிய வியாபாரமாகவும் இருந்ததும் அதே காலத்தில்தான். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் கறுப்புக்கு மாறிய விக்டோரியா மகாராணி, 1901இல் தான் இறக்கும்வரை அதை விடவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் லட்சக்கணக்கானோரைக் கொன்றிருந்தது. போர்முனையில் செத்தவர்களை ரயிலில் சொந்த ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்ததால் பிணத்தைப் பதப்படுத்தும் தொழிலே அங்கே அப்போதுதான் வேர்பிடித்தது. இன்றைய கோதிக் உடையில் வரும் கறுப்பு லேஸ், வெல்வெட், முகத்திரை எல்லாம் பெரும்பாலும் அந்தக் காலத்துத் துக்க வீட்டு அலமாரியிலிருந்து எடுத்தவை. அதாவது இரண்டும் பங்காளி முறை. ஒட்டவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு விஷயம். மாடு ஓட்டியவன் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் அலையவில்லை. புழுதிக்காக அந்த நாட்டில் மேலே போட்டுக்கொண்ட நீளக் கோட்டு வெளிறிய நிறத்தில், லினனில் தைத்தது. முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு ஊருக்குள் இருந்தவர்களுடையது: பாதிரியார், சூதாடி, அப்புறம் சவ அடக்கம் செய்பவர் (ஆங்கிலத்தில் அண்டர்டேக்கர்). சின்ன ஊர்களில் மேசை நாற்காலி செய்யும் தச்சரே சவப்பெட்டியும் செய்து அடக்கத்தையும் நடத்திக் கொடுப்பது சாதாரணம். ஆக நீங்கள் படம் போட்டிருந்த அந்தக் 'கோதிக் கௌபாய்' உண்மையில் மாட்டுக்காரனின் தொப்பியையும் பூட்ஸையும் போட்டுக்கொண்ட சவ அடக்கக்காரன்தான்.

அரிசோனாவில் உள்ள டூம்ஸ்டோனைப் பாருங்கள். 1877இல் வெள்ளி தேடிக் கிளம்பிய எட் ஷீஃப்லினை, அந்தப் பக்கம் உனக்குக் கிடைக்கப்போகும் ஒரே கல் உன் கல்லறைக் கல்தான் என்று கேலி செய்தார்களாம். மனிதர் தன் சுரங்க உரிமைக்கு அதையே, அதாவது கல்லறைக் கல் என்று பொருள்படும் 'டூம்ஸ்டோன்' என்பதையே, பெயராக வைத்தார். பிறகு ஊருக்கும் அதே பெயர். 1881 அக்டோபர் 26 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரை நிமிடச் சண்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். செத்த மூவருக்கும் நல்ல உடுப்பு உடுத்தி, வெள்ளி வேலைப்பாடு செய்த சவப்பெட்டிகளில் கிடத்தி, கடை ஜன்னலில் காட்சிக்கு வைத்தார்கள். டூம்ஸ்டோன் வீதியில் கொலை செய்யப்பட்டவர்கள் என்று ஒரு பலகையும் உண்டு. மெக்லாரி சகோதரர்கள் இருவர், பக்கத்தில் பத்தொன்பது வயதே ஆன பில்லி கிளான்டன் என்று மூவரும் பெட்டிகளில் வரிசையாக இருக்கும் ஃபோட்டோ இன்றும் கிடைக்கிறது. ஒரு தடவை தேடிப் பாருங்கள். இதைவிடக் கோதிக்காக எந்த டிசைனரால் யோசிக்க முடியும்?

இதை அமெரிக்க சினிமாவைவிட நன்றாக மோப்பம் பிடித்தவர்கள் இத்தாலிக்காரர்கள். 1966இல் செர்ஜியோ கொர்புச்சி எடுத்த 'ஜாங்கோ'வில் கதாநாயகன் குதிரைமேல் வருவதில்லை. சேற்றில் ஒரு சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து வருகிறான். இது தற்செயல் இல்லை. இத்தாலியில் அறுபதுகளின் தொடக்கத்தில் பாழடைந்த கோட்டை, பேய், மெழுகுவர்த்தி என்று படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் படங்களின் அலை அடித்ததும் அதே ஆட்களில் பலர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அன்டோனியோ மார்கெரிட்டி என்பவர் பேய்க்கோட்டைப் படங்களை எடுத்துவிட்டு, 1970இல் பெரும்பகுதி ஒரே புயல் இரவில் நடக்கும் பழிவாங்கும் வெஸ்டர்ன் ஒன்றை எடுத்தார். அதில் துப்பாக்கிக்காரன் வருவதும் மறைவதும் ஆவி மாதிரிதான் இருக்கும்.

அங்கிருந்து இந்தக் கலவை இங்கிலாந்துக்குப் போனது. ஸ்டீவனேஜ் என்ற ஊரில் 1984இல் தொடங்கிய 'ஃபீல்ட்ஸ் ஆஃப் தி நெஃபிலிம்' கோதிக் ராக் குழுவினர், பாலைவனத்தைத் தாண்டி வந்த தோற்றம் வேண்டும் என்பதற்காகத் தொப்பியிலும் கோட்டிலும் மைதா மாவைக் கொட்டிக்கொண்டு மேடையேறினார்கள். லண்டனுக்குப் பக்கத்து ஊர்ப் பையன்களுக்குப் புழுதிக்கு வேறு எங்கே போவது!

சரி, அண்டர்டேக்கருக்கு வருகிறேன். 1990 நவம்பரில் அவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற ரெஸ்லிங் நிறுவனத்தின் மேடையில் முதன்முதலாக வந்தபோது போட்டிருந்ததைக் கவனியுங்கள். அகலமான கறுப்புத் தொப்பி, நீளக் கோட்டு, டை, சாம்பல் நிறக் கையுறை, பூட்ஸுக்கு மேல் அதே சாம்பல் நிற உறை. அச்சு அசல் பழைய வெஸ்டர்ன் ஊரின் சவ அடக்கக்காரர். அந்த வேடத்தில் வந்த மார்க் கேலவே என்பவர் டெக்சாஸ்காரர் என்பது கூடுதல் பொருத்தம். கையில் அஸ்திக் கலசத்தோடு கூடவே வரும் அவருடைய மேனேஜர் பால் பேரர் நிஜ வாழ்க்கையில் பிணத்தைப் பதப்படுத்தும் படிப்புப் படித்தவர். மணி அடிக்கும், விளக்கு அணையும், சவ ஊர்வல இசை கேட்கும். எங்கள் தெருவில் அவர் செத்துப் பிழைத்தவர், அவருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்யாத பையனே கிடையாது. (1996இல் இந்திப் படத்தில் அக்‌ஷய் குமாரிடம் அடி வாங்கியது அவர் இல்லை. பிரையன் லீ என்ற வேறொரு ரெஸ்லர். அந்த நாளில் இதைச் சொல்லியிருந்தால் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்!)

இரண்டு பாணியும் ஒன்றை ஒன்று எவ்வளவு தேடுகின்றன என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சோதனைச்சாலை. 1999 வாக்கில் கௌபாயைக் கழற்றிவிட்டு முழுக் கோதிக் ஆனார். முக்காடு போட்ட அங்கி, சிம்மாசனம், மந்திரக் கூட்டம். பயமாகத்தான் இருந்தது, ஆனால் எந்தப் பேய்ப் படத்து மந்திரவாதியும் அப்படித்தான் இருப்பான். 2000இல் கோதிக்கைக் கழற்றிவிட்டு மோட்டார் பைக்கில் வந்தார். அதற்கும் ரசிகர்கள் உண்டு, நான் இல்லை. 2004 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த ரெஸல்மேனியா என்ற பெரிய ரெஸ்லிங் நிகழ்ச்சியில் பழைய மணிச்சத்தத்தோடு தொப்பியும் கோட்டும் திரும்பி வந்தன. 2020 நவம்பரில், அறிமுகமாகி முப்பது வருடம் நிறைந்த அன்று விடைபெற்றபோதும் தொப்பியும் கோட்டும் போட்டுத்தான் வந்தார். நடுவில் கழற்றிய இரண்டு தடவையும் ஆள் பாதியாகத்தான் தெரிந்தார் என்பது என் கட்சி.

காமிக்ஸ் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தமிழில் கொண்டுவரும் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் நாயகனின் கதைகள் இத்தாலியில் 1948இல் தொடங்கியவை. 'இரவுக்கழுகார்' என்று அழைக்கப்படும் நம் டெக்ஸுக்கு வாய்த்த பெரிய எதிரி வங்கிக் கொள்ளைக்காரனோ மாட்டுத் திருடனோ இல்லை. மெஃபிஸ்டோ என்ற மந்திரவாதி. மேடையில் வித்தை காட்டிக்கொண்டிருந்தவன், பின்னால் நிஜமாகவே பில்லிசூனியத்தில் இறங்கிவிடுவான். நவஹோ பழங்குடியினரின் நாட்டில் குதிரை, வின்செஸ்டர் துப்பாக்கி, கூடவே ஆவி. இன்ஸ்டாகிராம் பிறப்பதற்குப் பல காலம் முன்பே நம் வாசகர்கள் இதைப் பெட்டிக்கடையில் தொங்கிய புத்தகத்தில் படித்துப் பழகியவர்கள்.

கட்டுரைக்கு இரண்டாம் பகுதி வருமானால் டூம்ஸ்டோன் ஃபோட்டோவைப் பெரிதாகப் போடுங்கள். பக்கத்திலேயே 1990 அண்டர்டேக்கரின் படத்தையும் போடுங்கள். சாம்பல் கையுறை போட்ட படம்தான் வேண்டும். 1994க்குப் பிறகு வந்த ஊதா வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விருதுநகர்.