தண்ணீர் போகிற வழியில் சைக்கிள்

எஸ்லிங்கன், ஜெர்மனி

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே நலம். அங்கே நீங்கள், அத்தை, தம்பி, அப்புச்சி எல்லோரும் நலம்தானே? சைக்கிள் கடைக்குப் புதுக்கூரை போட்டாயிற்று என்று அம்மா சொன்னாள். மழைக்கு முன்னால் முடிந்தது நல்லதாகப் போயிற்று.

தம்பி போனில் பேசினான். கியர் சைக்கிள் வாங்கப் போகிறானாம், வாங்கியதும் முதல் வேலையாகத் திம்பம் மலைப்பாதையில் ஏறப் போகிறானாம். "நீங்க அங்க மலை ஏறறீங்க இல்லக்கா, நான் ஏறினா என்ன?" என்று கேட்கிறான். போனில் எல்லாவற்றையும் சொல்லி முடியாது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நான் இருக்கிற ஊர் நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கிறது. நம் பவானி 217 கிலோமீட்டர் என்றால், இந்த ஆறு 362 கிலோமீட்டர். பிறக்கிற இடத்திலிருந்து ரைன் ஆற்றில் கலக்கிற மன்ஹைம் வரைக்கும் பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே சைக்கிள் பாதை போகிறது. அந்த மன்ஹைமில்தான் 1817 ஜூன் 12-ஆம் தேதி கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கர வண்டி ஒன்றை முதன்முதலாக ஊரறிய ஓட்டிக் காட்டினார். பெடலும் இல்லை, செயினும் இல்லை. காலால் தரையை உந்தி உந்திப் போவது. உங்கள் தொழிலின் ஆதி அங்கேதான் மாமா. ஒரு நாள் உங்களை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

எங்கள் ஊருக்குச் சற்று மேலே பிளோகிங்கன் என்று ஓர் ஊர். அங்கிருந்து மன்ஹைம் வரைக்கும் சரக்குக் கப்பல் போகும். ஆற்றின் இறக்கத்தைச் சமாளிக்க இடையில் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்குகிற 27 மதகுத் தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். திம்பத்து வளைவுகளும் 27 தானே! சுமார் 200 கிலோமீட்டர் தூரத்துக்கு இறக்கம் என்று பார்த்தால் 160 மீட்டர்தான். அதனால் ஆற்றோரமாகப் போனால் கால் வலிக்காது. இரண்டு பக்கமும் குன்றுச் சரிவில் திராட்சைத் தோட்டம். பெஸிக்ஹைம் பக்கம் போனால் அந்தத் தோட்டங்களைச் சுண்ணாம்பும் சிமெண்டும் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் தாங்கி நிற்கின்றன. பெஸிக்ஹைமில் என்ஸ் என்ற ஆறு வந்து நெக்காரில் கலக்கிறது. நம் பவானிக் கூடுதுறைக்காரர்கள் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆற்றோரம் இல்லாத இடத்தில் பாதை வயல்களுக்கு நடுவே போகும். நம் இட்டேரியேதான், ஆனால் தார் போட்டது. டிராக்டர் போவதற்காகப் போட்ட தடம், ஒரு வண்டி போகிற அகலம். முனையில் சிவப்பு வட்டம் போட்ட பலகை நிற்கும். தோட்டத்துக்காரர்களைத் தவிர வேறு கார்கள் நுழையக் கூடாது. பக்கத்திலேயே வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்தில் அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர், அதற்கடுத்தது எத்தனை என்று சைக்கிள்காரர்களுக்கென்று எழுதியிருக்கும். மொழி அவ்வளவாகத் தெரியாத காலத்திலேயே அந்தப் பலகைகளை நம்பித்தான் தனியாகப் போய்வந்தேன். பெரிய ரோட்டுக்கு வந்தாலும் பயமில்லை. 2020-இல் கொண்டுவந்த சட்டப்படி, சைக்கிளைத் தாண்டுகிற கார் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளிப் போக வேண்டும். பின்னால் வருகிறவர் இடம் கிடைக்கும் வரை பொறுமையாக வருவார், ஹாரன் அடிக்க மாட்டார். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அம்மா நம்ப மாட்டேன் என்கிறாள்.

சரி, மலைக்கு வருகிறேன். எங்களுக்குத் தெற்கே ஸ்வேபியன் ஆல்ப் என்று ஒரு மேட்டு நிலம், தூரத்திலிருந்து பார்த்தால் மதில் எழுப்பியதுபோல நிற்கும். அதில் நேராக முட்டி ஏற முடியாது. வெண்ட்லிங்கனில் நெக்காரோடு சேர்கிற லவுட்டர் என்ற சின்ன ஆற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் மேலே போக வேண்டும். கிர்ஹைம் தாண்டினால் டெக் கோட்டை தலைக்கு மேலே தெரியும். ஏப்ரலில் அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் செர்ரி பூத்து வெள்ளையாக இருக்கும். லென்னிங்கன் வரைக்கும் ஏறுகிறோம் என்பதே தெரியாது, ஆற்றோடு கூடவே மெதுவாக உயர்ந்திருப்போம். குட்டன்பெர்க் வந்ததும் பள்ளத்தாக்கு முடிந்துவிடும். அங்கிருந்து காட்டுக்குள் சுற்றிச் சுற்றி 200 மீட்டருக்கு மேல் ஏறினால்தான் மேட்டுச் சமவெளி. அந்த ஏற்றத்தில் நான் எழுந்து நின்று மிதிப்பதில்லை. கியரைக் குறைத்து, மூச்சும் மிதியும் ஒரே தாளத்தில் போக விட்டுவிடுவேன். பக்கத்தில் ஒருவர் வந்தால் பேசிக்கொண்டே ஏற முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும்.

மேலே போனதும் உங்களுக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சமவெளி முழுக்கச் சுண்ணாம்புக்கல். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கல்லிடுக்கில் இறங்கி அடிவாரத்தில் ஊற்றாக வந்துவிடும். மேலே இருந்த ஊர்களுக்கு மழைநீர்க் குட்டைதான் கதி. கோடையில் அடிவாரத்திலிருந்து வண்டி கட்டித் தண்ணீர் கொண்டுபோனார்கள். 1871-இல்தான் கீழே ஓடுகிற ஆற்றாலேயே சக்கரத்தைச் சுற்ற வைத்து, அந்தச் சக்கரத்தால் பம்பை இயக்கி, சுமார் 200 மீட்டர் மேலே குடிநீரை ஏற்றினார்கள். காங்கயம் பக்கத்து வறட்சியையும் கோயமுத்தூர் பம்புகளையும் பார்த்து வளர்ந்த எனக்கு, மற்ற எதையும்விட இந்த ஊர்கள் மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது.

இப்போது தம்பி விஷயம். சைக்கிள் வாங்கும்போது கம்பெனிப் பெயரைப் பார்க்க வேண்டாம், செயின் ஓடுகிற பல்சக்கரங்களில் பல்லை எண்ணச் சொல்லுங்கள். என் சைக்கிளில் முன்னால் சின்னதில் 34 பல், பின்னால் பெரியதிலும் 34. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரே சுற்று, அதனால்தான் ஏற முடிகிறது. முன்னால் 50, பின்னால் 11 என்று மாற்றினால் ஒரு மிதிக்கு நாலரைச் சுற்று. அது சமதளத்துக்கும் இறக்கத்துக்கும். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 28 பல்லுக்குக் குறைவாக இருந்தால் அந்த வண்டி வேண்டாம். மலையில் ஏற்றம்கூடப் பெரிதில்லை, இறக்கம்தான் ஆபத்து. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். போக்ஸ் கம்பியின் இறுக்கத்தை நீங்களே பார்த்துக் கோட்டம் எடுத்துக் கொடுத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

திம்பம் மட்டும் வேண்டவே வேண்டாம். பண்ணாரியிலிருந்து மேலே எல்லாம் 2013-இலிருந்து புலிகள் காப்பகம். யானைகள் ரோட்டிலேயே நிற்கின்றன, கரும்பு லாரியை மறிக்கின்றன. வளைவில் லாரி திரும்பும்போது சைக்கிளுக்கு ஒதுங்க இடமிருக்காது. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஏற்காடு, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. அதில் தேறினால் அப்புறம் கொல்லிமலை பார்க்கலாம், காரவள்ளியிலிருந்து 70 வளைவு. எதுவானாலும் விடியும்போது கிளம்பி, வெயில் ஏறும் முன்னால் மேலே போய்விட வேண்டும்.

ஆனால் நான் ஆசைப்படுவது அதுகூட இல்லை மாமா. "வாய்க்கால் கரையில போனா மூச்சு வாங்காது" என்று நீங்கள் சொல்வீர்களே, இங்கே ஊர் ஊராகச் சுற்றிய பிறகு அதன் அருமை எனக்குப் புரிகிறது. 1955-இல் கட்டிய பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் போகிறது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய வேண்டும் என்பதால் மேட்டை விட்டு இறங்காமல் வளைந்து வளைந்து போகிறது. அதற்குக் கீழே கொடிவேரியிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால். அந்தப் பக்கம் பவானியில் 1283-இல் முடித்த காலிங்கராயன் வாய்க்கால், மஞ்சள் காடுகளுக்கு நடுவே 90 கிலோமீட்டர் போய் நொய்யலில் சேர்கிறது. நெக்காரோரம் போகிறவர்களுக்குக் கிடைக்கிற அதே சமதளப் பாதை நம்மிடம் எழுநூறு வருஷமாக இருக்கிறது. ஒரு பலகை வைத்து வழி காட்ட ஆளில்லை, அவ்வளவுதான். அந்தப் பலகைகளை நாமே வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனி, ஆடியில் கிளம்பினால் காற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் காற்று தணிந்திருக்கும்போது சத்தி, பவானிசாகர் பக்கம் மேற்கே போய்விட்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

தை மாதம் லீவு சொல்லியிருக்கிறேன். அதற்குள் தம்பியைக் கூட்டிக்கொண்டு நீங்கள் ஒரு தடவை கொடிவேரி வரைக்கும் பார்த்துவிட்டு வாருங்கள். எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது, எங்கே முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எந்தப் பாலத்தில் கரை மாற வேண்டும், டீக்கடை எங்கே என்று ஒரு தாளில் உங்கள் கையால் வரைந்து, போட்டோ எடுத்துத் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள். அத்தைக்கும் சேர்த்து ஒரு லேடீஸ் சைக்கிளை ஓவராயில் பண்ணி வையுங்கள். அத்தை வராவிட்டால் நானும் போக மாட்டேன்.

அப்புச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

உங்கள் மருமகள்