பெண்கள் கோல்ஃப்: மொத்த அடிக் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் பெண்கள் கோல்ஃப் ஆடுவது பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அவ்வப்போது வரும் செய்திகளை மகிழ்ச்சியுடன் படித்து வருகிறேன். அச்செய்திகளில் பெரும்பாலும் வெற்றி பெற்றவர் எத்தனை அடிகளில் ஆட்டத்தை முடித்தார் என்ற ஓர் எண் மட்டுமே இடம்பெறுகிறது. பெண்களுக்கென வாரந்தோறும் நடக்கும் ஆட்டங்கள் பலவற்றிலும் அந்த எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பதினெட்டுக் குழிகளிலும் அடித்த அடிகளைக் கூட்டி, குறைவாக அடித்தவருக்குப் பரிசு என்னும் அந்த ஒரே முறை, புதிதாக ஆட வருகிற பெண்களை இரண்டொரு மாதங்களிலேயே மைதானத்தைவிட்டு அனுப்பிவிடுகிறது என்பதை, குன்னூரில் வாழ்ந்து பல ஆண்டுகளாக இவ்வாட்டத்தில் ஈடுபட்டு வருபவள் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன். இதற்கு மாற்றாக ஏற்கெனவே பல ஆட்டமுறைகள் உள்ளன. அவற்றை முறையாகக் கணக்கிட்டு நடத்தும் அக்கறைதான் தேவை.

இந்த மலையில் ஆட வருகிறவர்கள் யார் என்று பார்த்தால் நான் சொல்வதன் அவசியம் விளங்கும். வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு வரும் அதிகாரிகளின் மனைவியர் ஓராண்டுக்கும் குறைவாகவே இங்கே இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பெண்கள், பள்ளி ஆசிரியைகள், பணி ஓய்வு பெற்றுக் கோத்தகிரியிலும் குன்னூரிலும் குடியேறியவர்கள் ஆகியோரிலும் பலர் நாற்பது வயதைக் கடந்த பிறகே முதன்முதலாக மட்டையைக் கையில் எடுத்தவர்கள். கோல்ஃபில் ஓரளவு தேர்ச்சி பெறவே சில ஆண்டுகள் ஆகும். பத்து மாதங்களில் ஊரைவிட்டுப் போகப்போகிற ஒருவரிடம் அந்தத் தேர்ச்சி வரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? முதல் வாரத்திலேயே அவருக்கு ஆட்டத்தில் மதிப்புள்ள ஓர் இடம் கிடைக்க வேண்டும்.

மலை மைதானத்தின் இயல்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. சமவெளியில் திசை தவறிய பந்து பக்கத்துப் புல்லில் கிடக்கும். இங்கே அது சரிவில் உருண்டு எங்கோ போய்விடும். உதகையின் வென்லாக் டவுன்ஸ் மைதானத்தில், மஞ்சள் பூப்பூக்கும் கோர்ஸ் முட்புதருக்குள் புகுந்த பந்தை மறந்துவிடுவதே கைகளுக்கு நல்லது. இப்படி இரண்டாவது குழியிலேயே பன்னிரண்டு அடிகள் ஆகிவிட்டால், மொத்த அடிக் கணக்கில் அந்தப் பெண்ணின் அன்றைய ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. மீதமுள்ள பதினாறு குழிகளையும் அவர் மற்றவர்களைக் காக்க வைக்கிறோமே என்ற கூச்சத்துடன்தான் கடக்கிறார்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு மருத்துவர் எப்போதோ விடை கண்டுவிட்டார். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்பவர் 1898இல் வேல்ஸ் நாட்டுப் பெனார்த்திலுள்ள கிளமார்கன்ஷயர் கிளப்பில் சோதித்துப் பார்த்து, பின்னர் 1932 மே 16 அன்று இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் முழுப் போட்டியாக நடத்திய புள்ளி முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இதில் ஒவ்வொரு குழியும் தனிக்கணக்கு. ஹேண்டிகேப், அதாவது ஆட்டக்காரரின் திறனுக்கேற்பத் தரப்படும் சலுகை அடிகளைக் கழித்தபின், பார் அடிகளில், அதாவது அக்குழிக்கென வகுக்கப்பட்ட அடி எண்ணிக்கையில் முடித்தவருக்கு இரண்டு புள்ளிகள். ஓர் அடி கூடினால் ஒரு புள்ளி. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் புள்ளி இல்லை. பாரைவிட ஓர் அடி குறைந்தால் மூன்று, இரண்டு குறைந்தால் நான்கு. ஆட்டத்துக்கு 36 சலுகை அடிகள் பெறும் ஒருவருக்குக் குழிக்கு இரண்டு அடிகள் கழியும். பார் நான்கு என்றுள்ள குழியை அவர் ஆறு அடிகளில் முடித்தால் கழிவு போக நான்கு, இரண்டு புள்ளிகள். ஏழு அடிகள் என்றால் ஒரு புள்ளி. ஏழாவது அடியிலும் பந்து குழியில் விழவில்லையென்றால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். முட்புதரில் பன்னிரண்டு அடித்தவருக்கும் எட்டு அடித்தவருக்கும் நட்டம் ஒன்றே; அடுத்த குழியில் இருவரும் சமமாகத் தொடங்குகிறார்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் ஹேண்டிகேப் குறியீட்டின் உச்ச அளவு 54 ஆக உள்ளது. ஆட்டத்துக்கு 54 சலுகை அடிகள் கிடைத்தால் குழிக்கு மூன்று அடிகள் கழியும். அப்போது பார் நான்கை ஏழு அடிகளில் முடிக்கும் புதியவரும், பத்தாண்டு அனுபவமுள்ளவரும் ஒரே பட்டியலில் நியாயமாக நிற்க முடியும்.

இப்படி எளிதாக்கினால் ஆட்டத்தின் தரம் குறைந்துவிடும் என்று மூத்த ஆட்டக்காரர்கள் சிலர் கருதுகிறார்கள். அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இக்கருத்தை ஏற்க இயலவில்லை. ஸ்டேபிள்ஃபோர்ட் முறை கோல்ஃப் விதிப்புத்தகத்தின் 21ஆம் விதியிலேயே இடம்பெற்றுள்ளது. அதில் ஆடிய ஆட்டம் ஹேண்டிகேப் கணக்கிலும் ஏற்கப்படுகிறது. ஆட்டக்காரர் ஒவ்வொரு குழிக்கும் தாம் அடித்த அடிகளைச் சரியாக எழுதிக் கொடுத்தால் போதும். புள்ளிகளைக் கணக்கிடுவது போட்டிக் குழுவின் பொறுப்பு. மொத்த அடிக் கணக்கை அடியோடு நீக்குங்கள் என்றும் நான் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு நாள் அதற்கு இருக்கட்டும்.

ஒன்பது குழி ஆட்டத்துக்கு உரிய மதிப்பைத் தருவதும் முக்கியம். தென்மேற்குப் பருவமழையின்போதும், பின்னர் ஐப்பசி கார்த்திகையிலும் இங்கே பதினெட்டுக் குழிகளைத் திட்டமிட்டு முடிப்பது கடினம். எதிரே இருக்கும் கொடி தெரியாத அளவுக்கு மேகமூட்டம் இறங்கிவிடும். ஒன்பது குழிகள் என்றால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து ஆடி, மதியச் சமையலுக்கு வீடு திரும்பிவிடலாம். புதியவர் ஹேண்டிகேப் பெறுவதற்கு மொத்தம் 54 குழிகளின் கணக்கு வேண்டும். அதை ஒன்பது ஒன்பதாகச் சேர்த்தும் தரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆறு வாரங்கள் ஒன்பது குழிகள் ஆடினால் போதும். ஹேண்டிகேப் இல்லாத அக்காலத்தில் ஒரு குழிக்குப் பாருக்கு மேல் ஐந்து அடிகள் வரை மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்பதால், ஒரு மோசமான குழி முழுக் கணக்கையும் கெடுப்பதில்லை. பெண்கள் எந்த டீ மேடையிலிருந்து (குழிக்கான முதல் அடியை அடிக்கும் இடம்) ஆடுகிறார்களோ, அந்த மேடைக்குப் பெண்களுக்கான மதிப்பீடு (அங்கிருந்து ஆடுவது எவ்வளவு கடினம் என்ற கணிப்பு) செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் குழுவினர் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆண்களுக்கான மதிப்பீட்டை எடுத்துப் பெண்களின் கணக்கில் பொருத்தக் கூடாது.

புதியவர்கள் நிறைய வரும் வாரங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஸ்கிராம்பிள். நால்வர் ஓர் அணி, நால்வரும் அடிப்பார்கள், நல்ல இடத்தில் விழுந்த பந்தைத் தேர்ந்துகொண்டு, அங்கிருந்து நால்வரும் மீண்டும் அடிப்பார்கள், பந்து குழியில் விழும்வரை இப்படியே தொடரும். தேர்ந்த ஒருவரின் அடிகளையே எடுத்துக்கொண்டு மற்ற மூவரும் பின்னால் நடந்து வரும் நிலை ஏற்படாமல் இருக்க, ஒன்பது குழிகளில் ஒவ்வொருவரின் தொடக்க அடியையும் இருமுறையாவது பயன்படுத்த வேண்டும் என்று விதித்துக்கொள்ள வேண்டும். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், அணியிலேயே புதியவரை முதலில் அடிக்கச் சொல்வது நல்லது. தவறினாலும் அவரால் அணிக்கு நட்டமில்லை. பந்து எப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்பதைப் பின்னால் அடிக்கும் மூவருக்கும் அவரே காட்டிக்கொடுக்கிறார். இந்த மலைக் கிரீன்களில் கண்ணுக்குத் தெரியும் சரிவும் பந்து ஓடும் சரிவும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், அந்த முதல் பந்து உண்மையிலேயே விலைமதிப்புள்ளது. அணிகளுக்கிடையே சமன் செய்ய, நால்வரின் சலுகை அடிகளைக் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தி, முறையே 25, 20, 15, 10 விழுக்காடு எடுத்துக் கூட்டும் வழக்கம் உள்ளது. 12, 20, 28, 36 உள்ள அணிக்கு 3, 4, 4.2, 3.6 என மொத்தம் 14.8, அதாவது 15 அடிகள் கழியும். இந்தக் கணக்கைச் செய்யாமல் ஸ்கிராம்பிள் நடத்தினால், வலுவான அணி எது என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

பிங்கோ பாங்கோ போங்கோ என்ற விளையாட்டுத்தனமான பெயர் கொண்ட முறையும் கவனிக்கத் தக்கது. ஒரு குழிக்கு மூன்று புள்ளிகள்: பந்தை முதலில் கிரீனில் ஏற்றியவருக்கு ஒன்று, எல்லோர் பந்துகளும் கிரீனுக்கு வந்தபின் கொடிக்கு மிக அருகில் இருப்பவருக்கு ஒன்று, முதலில் குழியில் விழச் செய்தவருக்கு ஒன்று. கொடிக்குத் தொலைவில் இருப்பவரே அடுத்து அடிக்க வேண்டும் என்ற வரிசையை இதில் கண்டிப்பாகக் காக்க வேண்டும். தொடக்க அடியில் பின்தங்கியவருக்கு அடுத்த அடியை முதலில் அடிக்கும் வாய்ப்புக் கிடைப்பதும், நீண்ட தூரம் அடிக்க வலுவில்லாதவர் கிரீன் ஓரத்திலிருந்து மெல்லத் தட்டி அருகில் வைத்துப் புள்ளி பெறுவதும் இந்த வரிசையால்தான். பார் மூன்று குழிகளில் முதலில் அடிப்பவருக்குச் சாதகம் அதிகம் என்பதால், அக்குழிகளில் அதுவரை குறைந்த புள்ளி பெற்றவர் முதலில் அடிக்கட்டும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நூல் ஆட்டம். சலுகை அடி ஒன்றுக்கு ஓர் அடி நீளம் என்ற அளவில் ஒவ்வொருவருக்கும் நூல் தரப்படும். பந்து பள்ளத்திலோ புதரோரத்திலோ கிடந்தால், தேவையான நீளத்துக்கு நூலைப் பிடித்துப் பந்தை நகர்த்திவிட்டு, அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும். குழிக்கு இரண்டடி தூரத்தில் நின்றுவிட்ட பந்தை இரண்டடி நூலைச் செலவழித்து, அடி கணக்கில்லாமலேயே குழியில் போட்டுக்கொள்ளலாம். நூலை இப்போதே செலவிடுவதா, கடைசிக் குழிகளுக்குச் சேமிப்பதா என்ற முடிவு ஒவ்வொரு குழியிலும் எழும். மைதானத்தை நன்கு அறிந்தவரே நூலை அறிந்து செலவிடுவார். இதில் பெற்ற கணக்கு ஹேண்டிகேப்புக்குச் செல்லாது என்பதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். ஸ்கிராம்பிளுக்கும் அப்படியே.

ஒரே பந்தை இருவர் மாறி மாறி அடிக்கும் ஃபோர்சம்ஸ் முறை, 1990இல் தொடங்கிய சோல்ஹைம் கோப்பையில் உலகின் சிறந்த வீராங்கனைகளே ஆடும் அழகான முறை. ஆயினும் புதியவர்களை அதில் இறக்க வேண்டாம் என்பதே என் கருத்து. தான் முட்புதரில் தள்ளிய பந்தைத் துணை ஆட்டக்காரர் போய் அடிக்க வேண்டிய நிலை அவர்களை மிகவும் குன்றச் செய்கிறது. குழிக்கு இவ்வளவு என்று பணம் வைத்து ஆடும் ஸ்கின்ஸ் முறையைப் பெண்கள் குழுக்கள் தவிர்ப்பது நல்லது.

கோடை விடுமுறையில் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் உறவினர்கள், தோழியர் ஆகியோருக்கு ஹேண்டிகேப் இருக்காது. அவர்களையும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளப் பியோரியா முறை உதவும். ஆறு குழிகளைக் குழுவினர் இரகசியமாகத் தேர்ந்து வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தபின் அறிவிப்பார்கள். அந்த ஆறு குழிகளில் பாருக்கு மேல் சென்ற அடிகளை மூன்றால் பெருக்கி, அதில் 80 விழுக்காட்டைச் சலுகையாகக் கழிப்பார்கள். ஆறு குழிகளின் பார் 24 என்றிருக்க, 36 அடித்தவருக்கு மிகுதி 12. மூன்றால் பெருக்க 36. அதில் 80 விழுக்காடு ஏறத்தாழ 29. மொத்தம் 108 அடித்தவர் 79 என்ற கணக்குடன் பட்டியலில் இடம்பெறுவார். இதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு அதிகம் என்பதால் ஆண்டுத் தரவரிசையில் இதைச் சேர்க்கக் கூடாது.

தரவரிசை என்று வரும்போது, ஸ்டேபிள்ஃபோர்ட் நாள்களை மட்டும் கணக்கில் கொண்டு, ஒவ்வொருவரின் சிறந்த பாதி ஆட்டங்களைக் கூட்டுவது நியாயமாக இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு வாரம் வராமல் போனவர் அதனால் பின்தங்க மாட்டார். ஆண்டு முழுவதற்கும் ஒரே தொடராக இல்லாமல் ஆண்டுக்கு இரண்டு சிறு தொடர்களாக நடத்தினால், இடமாற்றத்தில் வந்து போகிறவர்களும் ஒன்றையாவது முழுமையாக ஆடி முடிப்பார்கள். பரிசுகள் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 1811இல் ஸ்காட்லாந்தின் மசல்பரோவில் மீன் விற்கும் பெண்களுக்கு நடத்தப்பட்ட கோல்ஃப் போட்டிக்கு மீன்கூடையும் சால்வையும் பரிசாக அறிவிக்கப்பட்டன. நம் மலையில் விளைந்த தேயிலைப் பொட்டலமோ, மிளகோ, தேனோ போதும். ஆனால் முதல் மூவருக்கு மட்டும் என்றில்லாமல், தம் முந்தைய கணக்கைவிட மிகுதியாக முன்னேறியவருக்கும் ஒன்று இருக்க வேண்டும்.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஒரே அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றபோது, கோல்ஃபை அதுவரை பார்த்திராத வீடுகளிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஆர்வத்துடன் வரும் பெண்களை நிலைக்கச் செய்வதில் தங்கள் நாளிதழுக்கும் ஒரு பங்கு உண்டு. இனி நீலகிரியிலோ கொடைக்கானலிலோ நடக்கும் பெண்கள் ஆட்டங்களின் முடிவுகளை வெளியிடும்போது, எந்த முறையில் ஆடினார்கள் என்பதையும், கொடுக்கப்பட்ட எண் சலுகை அடிகளைக் கழித்ததா கழிக்காததா என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டுக் குழி ஸ்டேபிள்ஃபோர்ட் ஆட்டத்தில் 36 புள்ளிகள் என்றால் ஏறத்தாழத் தம் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடியிருக்கிறார் என்று பொருள். 39 என்றால் அன்று தம்மைவிடச் சிறப்பாக ஆடியிருக்கிறார். இந்தச் சிறு விளக்கமும் உடன் இருந்தால், மொத்தத்தில் 110 அடித்தும் பரிசு பெற்றவரின் பெயரை வாசகர்கள் ஐயமின்றிப் படிப்பார்கள்.

இங்ஙனம்,
கோல்ஃப் ஆடும் வாசகி ஒருவர்,
குன்னூர்.